செம்பூர் எந்திரத்துக்குச் சட்டை

கட்டைவிரல், தையலை மறைக்கும் பைப்பிங் வாரை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆள்காட்டி விரல் அதற்கு முன்னால் போய் வளைவைத் தடவிப் பார்க்கிறது. மூலையில் திரும்பும்போது சுருக்கம் விழக் கூடாது. விழுந்தால் மழைத் தண்ணீர் அந்தச் சுருக்கத்தில்தான் குடியிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு வலது கை மெஷின் சக்கரத்தை மெல்ல உருட்டுகிறது. ஊசி ஒவ்வொரு தையலாக இறங்குகிறது. வலப்பக்கத் தையலை இந்தக் கைகள் காலையில் முழுக்கப் பிரித்துவிட்டன. இப்போது வேறு விதமாகத் தைக்கின்றன. தன் தையலைத் தானே பிரிப்பது இந்தக் கைகளுக்குப் பழக்கமில்லாத வேலை.

மெஷினில் கிடப்பது சாம்பல் நிற ரெக்ஸின். நிறுத்தினால் ஆள் உயரத்துக்கு மேல் வரும். முகப்பில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் 'உங்களுக்காக மேம்படுத்தப்படுகிறேன்' என்று அச்சடித்திருக்கிறது. அதன் கீழே ஒரு மின்னல் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. மின்சாரக் காருக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் எந்திரம் ஒன்று போட்டுக்கொள்ளப்போகும் சட்டை இது.

தைப்பவர் இனாயத்துல்லா. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போகிற மாடியறையில் பை தைக்கிறவர். இந்தச் சட்டையை அவர் ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தால் செம்பூர் நாகா சந்திப்புப் பக்கத்தில் இருக்கும் எந்திரம் மூடப்படும். அது மூடப்பட்டால், அவருடைய மருமகன் சைஃப் ஒரு கம்பெனியிடம் எடுத்து ஓட்டும் மின்சார டாக்ஸி கையை விட்டுப் போகும். டாக்ஸி போனால் சைஃப் சவூதிக்குப் போவான். அங்கே அவனுடைய அண்ணன் விசாவோடு தயாராக இருக்கிறார். சைஃப் போனால், கல்யாணப் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரியாத அவர் மகள் ஷைஸ்தா வயிற்றுப் பிள்ளையோடு சீத்தா கேம்ப் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆக, மருமகனை நாடு கடத்தும் வேலையை மாமனாரே, நல்ல பைப்பிங் வைத்து, செய்துகொண்டிருந்தார்.

இனாயத்துல்லா மேலப்பாளையத்துக்காரர். மும்பைக்கு வந்த புதிதில் ஒரு பை முதலாளியிடம் பசை தடவ நின்றார். யாரும் உட்காரவைத்துத் தொழில் சொல்லித் தரவில்லை. பழுதுக்கு வந்த பைகளைப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தார். பிரித்த வரிசையைத் தலைகீழாகப் போட்டால் தைக்கிற வரிசை வந்துவிடுகிறது என்று அவருக்கே ஒரு நாள் பட்டது. அவர் படித்தது அவ்வளவுதான். மிச்சத்தை மும்பை மழை கவனித்துக்கொண்டது. ஜூன் பிறந்தால் இந்த ஊரில் மூடாத பொருள் கிடையாது. ஸ்கூட்டருக்கு, ஏசிக்கு, கல்யாண பேண்டுக்காரர்களின் டிரம்முக்கு, மாட்டுங்காவில் பாட்டு சொல்லித்தரும் மாமியின் தம்புராவுக்கு, தாதரில் ஒரு பணக்கார நாய்க்கு என்று எல்லாவற்றுக்கும் உறை தைத்தார். பையும் உறையும் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். இரண்டுக்கும் வாய் முக்கியம். எவ்வளவு அழகாகத் தைத்தாலும் வாய் இல்லாவிட்டால் அது பையில்லை, மூட்டை.

இந்தக் கொள்கைதான் முதல் உறையிலேயே தகராறு செய்தது.

சென்ற மழைக்கு முன்னால் ஒரு பகலில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வெங்கடேஷ் அந்த இரும்பு ஏணியில் ஏறி வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கார்களுக்கு வேகச் சார்ஜ் தரும் ஒரு நிறுவனத்தில் மும்பை நிலையங்கள் அவர் பொறுப்பு. நிறுவனத்தின் பெயரிலேயே 'வேகம்' என்று பொருள்படும் சொல் இரண்டு மொழிகளில் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் எந்திரங்களை நட்ட நாளில் ரிப்பன் வெட்டினார்கள், பெட்டி பெட்டியாகப் பேடா கொடுத்தார்கள். ஒரு டீ குடித்து ஒரு செய்தித்தாள் புரட்டுவதற்குள் காருக்கு வயிறு நிறைந்துவிடும் என்றார்கள். முதல் மழை வந்தது. எந்திரங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் புகாதவற்றில் எலி புகுந்தது. மாற்றுப் பாகங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

போனில் இருக்கும் ஆப்பில் மட்டும் எல்லா எந்திரங்களும் பச்சை நிறத்தில் ஆரோக்கியமாக இருந்தன. அதை நம்பி வந்தவர்கள் எந்திரத்தை உதைத்தார்கள், படம் எடுத்துத் திட்டி எழுதினார்கள். தலைமை அலுவலகம் கூடி யோசித்தது. எந்திரத்தைச் சரிசெய்ய நாளாகும், மூடுவதற்கு நாளாகாது. மூடப்பட்ட எந்திரத்தைப் பழுதான எந்திரம் என்று சொல்ல முடியாது. அது மேம்பாட்டில் இருக்கும் எந்திரம். பழுதுக் கணக்கில் அது வராது.

மாதிரிக்கு ஒரு உறை தைக்கச் சொல்லிவிட்டு, அது தயாரானதும் வெங்கடேஷ் பார்க்க வந்தார்.

"பாய், தையல் பிரமாதம். முதுகுப் பக்கம் பூரா எதுக்கு வலை?"

"மும்பை மழை சார். காத்து போகலேன்னா உள்ள பூஞ்சை புடிக்கும்."

"அது சரி. சைடுல இது என்ன ஜிப்?"

"அந்தக் கன் இருக்குல்லா சார், கார்ல செருகுறது. அத வெளிய எடுக்கணும்லா?"

"எதுக்கு எடுக்கணும்?"

"சார்ஜ் போட."

வெங்கடேஷ் ஜிப்பை இழுத்து மூடினார். "பாய், உள்ளே சார்ஜே இல்லை. அதனாலதான் மூடறோம். ஒரு திறப்பும் வேண்டாம். தெறந்து பாத்தா திட்டுவா."

இனாயத்துல்லா ஜிப்பைப் பிரித்து எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வாயில்லாத ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது அந்த நிறுவனத்தின் பொற்காலம். மாட்டுங்கா எந்திரம் சட்டை போட்டது. தாதர் போட்டது. தாணேயில் வரிசையாக நின்ற எல்லா எந்திரங்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல, ஒரே சீருடையில் நின்றன. திட்டுகள் நின்றுபோயின. சாம்பல் நிறத்தில், மடிப்புக் கலையாமல், சிரிக்கும் மின்னலோடு நிற்கிற ஒன்றை உதைக்க யாருக்கும் மனம் வரவில்லை. முலுண்டில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே யாரோ அதைத் திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் சிலை என்று நினைத்துக் காலடியில் தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். மறுநாள் வட்டாரக் கட்சிக்காரர் ஒருவர் வெங்கடேஷைப் போனில் கூப்பிட்டு, சிலை யாருடையது, திறப்பு விழாவில் மேடையில் தனக்கு எந்த நாற்காலி என்று விசாரித்தார். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த எந்திரத்துக்குக் கிடைக்காத மரியாதை அது.

இந்தப் பொற்காலத்தில் சைஃப் டாக்ஸி ஓட்டினான்.

அவனுடைய டாக்ஸி கம்பெனியின் சட்டம் எளிமையானது. வாரத்துக்கு இத்தனை சவாரி. ஒரு வாரம் குறைந்தால் எச்சரிக்கை. அடுத்த வாரமும் குறைந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். காருக்குச் சார்ஜ் எங்கே போடுவது என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அது ஓட்டுநரின் சொந்த வாழ்க்கை. சைஃப் காலையில் பெலாப்பூர் சவாரியை இறக்கிவிட்டுச் சார்ஜ் தேடித் தாணேக்குப் போவான். தாணேயில் அது மூடியிருக்க முலுண்டுக்குப் போவான். அங்கே உடைந்த தேங்காய் இருக்கும். கடைசியில் செம்பூருக்கு வருவான். செம்பூர் எந்திரம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு கன், ஒன்று செத்துவிட்டது. மற்றொன்றில் டாக்ஸி கம்பெனி கொடுத்த கார்டைத் தேய்த்தால், ஆப்பின் தயவில்லாமலே சார்ஜ் ஏறும்.

"மாமா, நீங்க தச்ச சட்டைய போட்டுக்கிட்டு ஊர் பூரா நிக்கிதுங்க. நான் ஒவ்வொண்ணா பாத்து சலாம் சொல்லிட்டு வாரேன்" என்று சாப்பிட வந்த இடத்தில் சைஃப் ஒருநாள் சொன்னான்.

"தையல் எப்பிடி மாப்ள? பிரியாம நிக்கிதா?"

"தையலுக்கு என்ன, ஏக் தம் பக்கா. மெஷினுதான் பேகார், ஒண்ணுக்கும் ஒதவாது."

இனாயத்துல்லாவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மருமகனின் சங்கடத்தை அவர் மழையைப்போல எடுத்துக்கொண்டார். பெய்கிறது, நாம் என்ன செய்ய. எச்சரிக்கை வந்துவிட்டது என்று ஷைஸ்தா போனில் அழுத அன்றுதான் அந்த மழை அவர் தலையிலும் விழுந்தது. அதே வாரம் வெங்கடேஷும் கூப்பிட்டார்.

"பாய், செம்பூருக்கு ஒண்ணு வேணும். இது கொஞ்சம் பெரிய சைஸ். நேர்ல வந்து அளவெடுத்துடுங்கோ."

"செம்பூர் மெஷின் ஓடுதுல்லா சார்?"

"ஓடறது. அதான் பிரச்சினை. நீங்க வாங்கோ, சொல்றேன்."

செம்பூரில் எந்திரத்துக்கு முன்னால் டாக்ஸிகள் வளைந்து தெருமுனை வரை நின்றன. ஓட்டுநர்கள் கதவைத் திறந்துபோட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, வடா பாவ் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் நடுவில் சைஃபின் டாக்ஸி. அதற்கு அடுத்ததாக ஒரு வெள்ளைக் கார். அது வெங்கடேஷுடையது. ஊழியர் சலுகையில் வாங்கியது. மாட்டுங்காவில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் சொசைட்டி, கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட்டால் கட்டடமே எரிந்துவிடும் என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆகவே ஊரெல்லாம் சார்ஜ் கொடுக்கும் பொறுப்பாளர் தன் காருக்குச் சார்ஜ் போட வரிசையில் நின்றார்.

இனாயத்துல்லா டேப்பை எடுத்து எந்திரத்தின் தோளிலிருந்து பாதம் வரை பிடித்தார். முதுகில் கை வைத்தார். சூடாக இருந்தது, உள்ளே விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இதுவரை அவர் அளவெடுத்தவை எல்லாம் சில்லென்று இருந்தவை.

"இத எதுக்கு சார் மூடணும்?"

"கம்ப்ளைண்ட் பாய். மும்பையிலயே கம்ப்ளைண்ட் வர ஒரே மெஷின் இதுதான். லைன் பெரிசா இருக்கு, ஒரு கன் வேலை செய்யலேன்னு தெனம் எழுதறா. மத்தது எதுலயும் ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது."

"மத்தது எதுவும் ஓடலையே சார்."

"ஆமாம். அதனாலதான் கம்ப்ளைண்ட் இல்லை. இதையும் மூடிட்டா நாங்க நூத்துக்கு நூறு. மேலேர்ந்து மெயில் வந்துடுத்து பாய், நான் என்ன பண்றது?"

"அப்ப கரண்ட்ட நிறுத்திட்டுல்லா மூடணும்?"

"கரண்ட்ட நிறுத்தறது வேற டிபார்ட்மென்ட். அவாளைக் கூப்பிட்டா இந்த வருஷம் வரமாட்டா. ஆப்ல மட்டும் மறைச்சுடுவா. உள்ளே அது பாட்டுக்கு ஓடிண்டிருக்கும்."

"ஓடுற மெஷினயா மூடுறோம்?"

"கணக்குல அது ஓடலை பாய்."

வரிசையில் முன்னால் நின்ற டாக்ஸியிலிருந்து டிரைவர் பஞ்சு எட்டிப் பார்த்தான். தாராவிக்காரன், சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். டேப் பிடித்துக்கொண்டு நின்ற இனாயத்துல்லாவை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன பாய், மெஷினுக்குக் கோடித்துணி போடப் போறியளா? உசுரு இன்னும் போகலையே!"

"அளவு எடுக்கச் சொன்னாக, எடுக்கேன்."

"எடுங்க, எடுங்க. அப்பிடியே எங்களுக்கும் எடுத்துக்கிடுங்க. மாப்ளைக்கு மொதல்ல எடுங்க." பஞ்சு பின்னால் திரும்பிக் கத்தினான். "ஏ சைஃப், ஒங்க மாமா வந்திருக்காக பாரு!"

சைஃப் இறங்கி வந்தான். டேப்பைப் பார்த்தான், வெங்கடேஷைப் பார்த்தான். டேப்பின் மறுமுனை கீழே விழாமல் பிடித்துக்கொண்டான். இனாயத்துல்லா அளவெடுத்து முடிக்கும்வரை பிடித்திருந்தான். பிறகு, "இதுக்குமா மாமா?" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து, சட்டையை முக்கால்வாசி தைத்திருந்த ஒரு மாலை, ஷைஸ்தாவும் சைஃபும் தாராவி வீட்டுக்கு வந்திருந்தார்கள். இனாயத்துல்லாவின் மனைவி மதீனா பீவி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கரண்டியை வைத்தாள்.

"அந்த வேலையே வேண்டாம்னு சொல்லிருங்களேன். என்ன யோசிக்கிய?"

"நான் வேண்டாம்னா கீழ்க்கடை தௌஃபீக் தைப்பான். அவன் தையல் நாலு மழை தாங்காது."

"நல்லதுதானங்க! பிஞ்சு தொங்கினா மெஷின் வெளிய தெரியும்லா?"

இப்படி ஒரு கோணம் இருப்பது இனாயத்துல்லாவுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதும் பிடிக்கவில்லை. "கேவலமா தைக்கதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

"அப்ப நல்லா தச்சு மருமகன ஏத்தி அனுப்புங்க. ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கும் டாக்ஸி வேணும், அதுக்குச் சார்ஜ் எங்க போடுவிய?"

சைஃப் சிரித்தான். ஷைஸ்தா சிரிக்கவில்லை.

"வாப்பா, இவங்க பாஸ்போர்ட்ட எடுத்துப் பையில வச்சிட்டாங்க. நீங்க குடுத்த பையில. அதுலயும் அந்த சோர் பாக்கெட்டுல. நான் பாத்திரக் கூடாதாம்."

அந்தப் பை இனாயத்துல்லா மருமகனுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது. தாராவியில் பயணப் பை தைப்பவர்கள் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டுத் தையலை மறைக்கும் பைப்பிங்குக்கு அடியில், வெளியே பல் தெரியாமல், ஒரு ஜிப்பை ஓட்டிவிடுவார்கள். ரயிலில் போகிறவர்கள் பணம், நகை வைக்க. திருடனுக்குத் தெரியாத அறை என்பதால் அதன் பெயரிலேயே 'சோர்' என்று திருடனைச் சேர்த்துவிட்டார்கள். கை போட்டவனுக்கு அங்கே தையல்தான் தட்டுப்படும். தைத்தவனுக்கு மட்டும் நகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும்.

"பாக்கக் கூடாதுன்னா ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று மதீனா பீவி கேட்டாள்.

"வாப்பா மகள் நான், எனக்குத் தெரியாதா?"

இனாயத்துல்லா எழுந்து போய், அவர்கள் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்திருந்த அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பைப்பிங்கின் அடியில் நகத்தை விட்டு இழுத்தார். சத்தமில்லாமல் திறந்தது. மூடினார். பை முன்னைப்போல வாயில்லாமல் இருந்தது. மறுபடி திறந்தார். அவருடைய வேலையை அவரே ரசிப்பதாக எல்லோரும் நினைத்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"மாப்ள, அந்தக் கார்டு தேய்க்கிற எடமும் கன்னும் ஒரே பக்கம்தான?" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா. வலது பக்கம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

வலப்பக்கம் பிரிக்கப்பட்டது அதற்கு அடுத்த காலையில். இடுப்பு உயரத்திலிருந்து பாதம் வரை, பைப்பிங்குக்கு அடியில், ஜிப் ஓடியது. மூலையில் வார் திரும்பும் இடம்தான் கஷ்டமாக இருந்தது. அங்கே சுருக்கம் விழுந்தால் கண்ணில் படும். அதனால்தான் சக்கரத்தைக் கையால் உருட்டினார். தைத்து முடித்து, இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, சட்டையை அதற்கு மாட்டிவிட்டு, வெங்கடேஷுக்குப் போன் செய்தார்.

வெங்கடேஷ் வாடிய முகத்தோடு ஏணி ஏறி வந்தார். கார் எங்கே என்று கேட்டதற்கு, பேட்டரி ஒன்றுமில்லாமல் செம்பூர் வரிசையிலேயே விட்டுவிட்டு லோக்கல் ரயிலில் வந்ததாகச் சொன்னார். பிறகு கடமையைச் செய்யத் தொடங்கினார். முகப்பு எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். முதுகு வலையைப் பிடித்து இழுத்தார். இடப்பக்கத் தையலில் விரலை ஓட்டினார்.

"திறப்பு கிறப்பு ஒண்ணும் வைக்கலையே பாய்? மேலே போட்டோ அனுப்பணும்."

"பாருங்க சார். எடுங்க போட்டோ."

நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். போட்டோவில் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கத்தில் விரலை ஓட்டியபோது இடுப்பு உயரத்தில் அது தயங்கியது. கொஞ்சம் மேலே போனது, திரும்பவும் கீழே வந்தது. நகம் பைப்பிங்குக்கு அடியில் போனது. மெல்லிய சத்தத்தோடு சட்டையின் ஒரு பக்கம் கதவைப்போலத் திறந்துகொண்டது.

இனாயத்துல்லா தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினார். பொறுக்குவதற்கு அங்கே அவ்வளவு நூல் இல்லை.

வெங்கடேஷ் ஜிப்பை மூடினார். மறுபடி திறந்தார். உள்ளே கையை விட்டு, இல்லாத ஒரு கன்னைப் பிடித்து வெளியே இழுப்பதுபோல இழுத்துப் பார்த்தார். பிறகு மூடிவிட்டு, போனில் எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும் பாய்?"

"எனக்குத் தெரியும் சார். மாப்ளைக்கு இனிமேதான் சொல்லணும்."

"மாப்ளை தெரிஞ்சுண்டா அந்தப் பஞ்சுவுக்குத் தெரியும். பஞ்சுவுக்குத் தெரிஞ்சா லைன் பூராத் தெரியும்."

"லைன்ல நிக்கிறவன் எவனும் இனி கம்ப்ளைண்ட் எழுத மாட்டான் சார். ஆப்புலதான் மெஷினே இருக்காதே, எதுல எழுதுவான்?"

வெங்கடேஷ் இதை யோசித்தார். நிறுவனத்தில் இத்தனை வருஷம் இருந்ததில் இவ்வளவு ஒழுங்கான திட்டத்தை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எந்திரம் ஓடும், கணக்கில் ஓடாது, கம்ப்ளைண்ட் வராது, நூற்றுக்கு நூறு. மேலிடம் கேட்டதும் இதுதான்.

போனைப் பையில் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார், அறையில் வேறு யாரும் இல்லை.

"வலது பக்கமா வெச்சிருக்கேளே பாய். என் காருக்குச் சார்ஜ் போடற வாய் பின்னாடி இடது பக்கம். கேபிள் எட்டுமோ?"

"எட்டும் சார். அன்னைக்கு ஒங்க காரையும் அளந்துட்டுதான் வந்தேன்."

வெங்கடேஷ் இரண்டு கையையும் நீட்டினார். இனாயத்துல்லா பெட்டியிலிருந்து சட்டையைக் கழற்றி, உதறி, சிரிக்கும் மின்னல் மேலே தெரியும்படியும் வலப்பக்கம் உள்ளே போகும்படியும் மடித்து, அந்தக் கைகளில் வைத்தார்.